செவலைத் துப்பாக்கியும் மயிலைத் துப்பாக்கியும்

எங்கள் வீட்டில் மாட்டுத் தரகரைக் கேட்காமல் எதையும் வாங்கியதில்லை. மாடு கன்று மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ரேடியோ வாங்கியபோது அவர் வந்தார். தையல் மெஷின் வாங்கியபோதும் வந்தார். பம்புசெட் வாங்கிய அன்று ஓடுகிற மோட்டார் மேல் கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மூச்சு சீராக இருக்கிறது என்று சொன்னார். என் அக்காவைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்து வந்த நடையைக்கூட அவர்தான் முதலில் பார்த்து அப்பாவிடம் தலையாட்டினார். ஆகவே எனக்கு ஏர் ரைஃபிள் வாங்குவது என்று முடிவானபோது, தரகர் வருவாரா என்று நான் கேட்கவில்லை. எந்தப் பஸ்ஸில் வருவார் என்றுதான் கேட்டேன்.

அப்போது எழுபதுகளின் நடுப்பகுதி. கேரள எல்லைக்குள், மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். நான் சித்தூரில் கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் ஒரே ஒரு ஏர் ரைஃபிள் இருந்தது. குழலை மடக்கினால் உள்ளே சுருள்வில் இறுகும். ஈயக் குண்டை வைத்து நிமிர்த்தி விசையை இழுத்தால் வில் விரிந்து, காற்றின் வேகத்தில் குண்டு போகும். மருந்தும் கிடையாது, புகையும் கிடையாது, சத்தமும் பெரிதாகக் கிடையாது. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மூன்றும் வரப்போகின்றன.

அந்தத் துப்பாக்கியில் நான்தான் நன்றாகச் சுடுவேன். இதில் எனக்கு அடக்கமெல்லாம் இல்லை. ஆனால் அதன் சுருள்வில் ஒரு நாள் உடைந்துபோனது. அடுத்த மாதம் பாலக்காட்டில் போட்டி. முதல் இரண்டு பெண்களைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்புவார்கள். சொந்தத் துப்பாக்கி இருந்தால் கொண்டுவரலாம் என்று எங்கள் டீச்சர் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு கம்பெனியின் பேரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். வேறு எதையும் வாங்கிவிடாதே என்றும் சொன்னார்.

எனக்குத் திருவனந்தபுரத்தில் பரிசு வேண்டியதில்லை. கடல் வேண்டும். இருபது வயது வரைக்கும் நான் கடலைப் பார்த்ததில்லை. மேற்கே ஒரு பகல் பஸ்ஸில் போனால் கடல்தான், ஆனால் எங்கள் வீட்டுப் பயணமெல்லாம் கிழக்கே போகும்: பொள்ளாச்சிச் சந்தை, பழனி மலை, மறுபடி பொள்ளாச்சிச் சந்தை. இந்த ஆசையை அம்மாவிடம் மட்டும் ஒரு நாள் சொன்னேன். அம்மா மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், அத்தனை தண்ணியும் உப்பாமே, எந்தக் காட்டுக்குப் பாய்ச்சறது என்று கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்பாவிடம் கடலைப் பற்றி மூச்சு விடவில்லை. எங்கள் தோட்டத்தில் எதுவும் வேலை செய்யாமல் தீனி தின்ன முடியாது. அதனால் சோளக் கதிரில் உட்காரும் கிளிகளைப் பற்றி நீளமாகப் பேசினேன். துப்பாக்கிச் சத்தம் ஒன்று போதும், கிளி எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்கே போய்விடும் என்றேன். சத்தமே வராத துப்பாக்கி என்பதைச் சொல்லவில்லை. அப்பா இரண்டு நாள் யோசித்து, தரகருக்கு ஆள் அனுப்பினார்.

கோயமுத்தூர்க் கடையில் எங்கள் மூன்று பேரையும் பார்த்த கடைக்காரர், பக்கத்து விதைக் கடைக்கு வழி கேட்கிறோம் என்று நினைத்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் கண்ணாடி அலமாரியைத் திறந்து இரண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று சீட்டில் எழுதியிருந்த கம்பெனி. துப்பாக்கி பிடிக்கிறவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த பேர். கட்டை செம்மண் நிறத்தில் பளபளத்தது. இருப்பில் அது ஒன்றுதான் உண்டு, அடுத்தது வர மாதக்கணக்காகும் என்றார். மற்றது, பம்புசெட்டுக்கு உதிரி பாகம் செய்துகொண்டிருந்த உள்ளூர்ப் பட்டறை ஒன்று புதிதாக ஆசைப்பட்டுச் செய்தது. அதன் குழலிலும் ஒரு பேர் வெட்டியிருந்தது. அதைப் படிக்கக் கடைக்காரரே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கட்டை வெளிறிய சாம்பல் நிறம்.

தரகர் இரண்டையும் ஒரு பார்வை பார்த்து, "செவலை ஒண்ணு, மயிலை ஒண்ணு" என்றார். மாட்டுக்குச் சொல்லும் நிறப்பேர்கள் அவை. அந்த நிமிஷத்திலிருந்து அவற்றுக்கு வேறு பேர் இல்லாமல் போயிற்று.

கடைக்காரர் நியாயமாகத்தான் பேசினார். பெரிய கம்பெனியில் நூறு துப்பாக்கி எடுத்தால் நூறும் ஒரே மாதிரி இருக்கும், வில் உடைந்தால் எந்த ஊரிலும் கிடைக்கும், பட்டறைக்காரன் நாளைக்கு இதை விட்டுவிட்டு மறுபடி பம்புசெட்டுக்குப் போய்விட்டால் யார் கதவைத் தட்டுவீர்கள் என்று கேட்டார். நான் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினேன். தரகர் அதைக் காதில் வாங்கவில்லை. செவலையின் வாய்க்குள் பார்த்தார். கனம் பார்த்தார். முதுகிலிருந்து வால் வரைக்கும் தடவிக்கொண்டே வந்தவர், கட்டையின் இடது பக்கத்தில் கை நின்று, அப்படியே இரண்டடி பின்வாங்கினார்.

மரத்தின் ரேகை அங்கே ஒரு கணுவைச் சுற்றி வட்டமாகச் சுழன்று, இரண்டு பக்கமும் நீண்டு கிடந்தது. நடுவில் கண் மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி.

"பண்ணாடி, பாடைச் சுழிங்க இது" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

மாட்டின் உடம்பில் மயிர் சுழித்திருப்பதை வைத்துத்தான் எங்கள் பக்கம் மாடு வாங்குவார்கள். ராஜ சுழி விழுந்த மாடு வந்தால் பட்டி பெருகும். பாடைச் சுழி விழுந்தது வந்தால் அந்த வீட்டிலிருந்து ஒரு பாடை போகும். அந்த மாட்டை எந்தச் சந்தையிலும் இலவசமாகக் கொடுத்தாலும் பிடித்துக்கொண்டு போக ஆள் வரமாட்டான். அப்பா எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, செவலை கைவிட்டுப் போய்விட்டது என்று.

இது மரம், மாடு இல்லை என்றேன். தேக்கு மேஜையில் சுழி இல்லையா, நம் வீட்டுக் கதவில் இல்லையா என்றேன். கடைசியாக டீச்சரின் சீட்டை எடுத்து நீட்டி, இதற்கு உலகம் பூராவும் பேர் இருக்கிறது என்றேன்.

"பேரென்னுங்க அம்முணி, மூக்கணாங்கயிறு மாதிரி. எந்த மாட்டுக்கு வேணும்னாலும் மாட்டிக்கலாம்" என்றார் தரகர்.

பிறகு தன் துண்டை எடுத்துக் கடைக்காரர் கைமேல் போட்டு, அதற்குள் தன் கையை நுழைத்தார். சந்தையில் விலை பேசும் முறை அது. வாயால் பேச்சில்லை, துண்டுக்கடியில் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு அர்த்தம். கையை மொத்தமாக இறுக்கிப் பிடித்தால் பேச்சு முடிந்தது, இனி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று பொருள். கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாடி பார்க்கிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, பயந்துபோய்க் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றார். தரகர் இறுக்கிப் பிடித்ததும் "ஆ" என்றார். மயிலை எங்களுடையதாயிற்று.

பொள்ளாச்சி வரைக்கும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே வந்தேன். கிணத்துக்கடவில் அப்பா வாங்கிக் கொடுத்த முறுக்கையும் தொடவில்லை. சுழியாம் சுழி, படித்த பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கூத்தா என்று பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். சொன்னதற்கு இன்றைக்கும் வருத்தமில்லை. முறுக்கை விட்டதற்குத்தான் வருத்தம்.

வீட்டில் அம்மா ஆரத்தி எடுத்து, மயிலையின் நெற்றிக்கு, அதாவது குழல் தொடங்கும் இடத்துக்கு, மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். மறுநாள் வைக்கோல்போரில் அட்டையைக் குத்தி வைத்துச் சுட்டுப் பார்த்தேன். முதல் ஐந்து குண்டும் இரண்டு விரல்கடை இடப்பக்கம் போயின. ஆனால் ஐந்தும் ஒரே இடத்தில் போயின. பின்னால் குறி பார்க்கும் தகட்டின் திருகை நாலு சுற்றுத் திருப்பியதும் நடுவட்டத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. சத்தியத்தைச் சொன்னால் மயிலை நல்ல துப்பாக்கி. பட்டறைக்காரன் ஆசையாகச் செய்திருந்தான். ஒரே குறை, குழலை மடக்கப் பலம் வேண்டும்.

ஆனால் அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கடையில் தோற்றுவிட்டேன் அல்லவா? அதனால் ஒவ்வொரு நாளும் சாப்பிட உட்காரும்போது அப்பா காதில் விழும்படி குறை சொன்னேன். மடங்கவே மாட்டேன் என்கிறது, உடம்பு இறுகிக் கிடக்கிறது, செவலையாக இருந்தால் வெண்ணெய் மாதிரி இருந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொள்வார்.

போட்டி அன்று காலையில் நான் தலை சீவிக்கொண்டிருந்தேன். அப்பாவும் தரகரும் மாட்டுக்கட்டுத்தறியில் ஏதோ செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் துணைக்கு வருவது வழக்கம்தான். ரேக்ளா பந்தயத்துக்கு மாடு முதல் தடவை போகும்போது இரண்டு பேரும் கூடப் போவார்கள். துப்பாக்கியைத் துடைத்துப் பளபளவென்று கொடுத்தார்கள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். இறங்கும்போது சேலையில் எண்ணெய்க் கறை. கட்டைக்குத் தடவியிருப்பார்கள் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

பாலக்காட்டுக் கோட்டை மைதானத்தில் கயிறு கட்டி, பத்து மீட்டர் தள்ளி அட்டைகளை வைத்திருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஜனங்கள். முன்வரிசையில் அப்பாவும் தரகரும். ஐந்து குண்டு ஒத்திகை, பத்து குண்டு கணக்கு. என் முறை வந்தது. குழலை மடக்கினேன்; என்றைக்கும் இல்லாத அளவுக்கு வழவழவென்று மடங்கியது. குறி பார்த்து விசையை இழுத்தேன்.

கோவில் திருவிழாவில் போடும் வேட்டுச் சத்தம் கேட்டது. கோட்டைச் சுவரில் இருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. குழல் வாயிலிருந்து வெள்ளைப் புகை சுருண்டு வந்தது. புகையில் முறுக்குச் சுடும் வாசம். குண்டு அட்டைக்கு மேலே எங்கேயோ போய்விட்டது. நடுவர் விசிலை ஊதிக்கொண்டே ஓடிவந்து, வேட்டைத் துப்பாக்கியையா கொண்டுவந்தாய் என்று மலையாளத்தில் கேட்டார். இல்லை என்று காட்ட இன்னொரு குண்டு போட்டேன். இன்னொரு வேட்டு, இன்னும் கொஞ்சம் முறுக்கு. மைதானமே சிரித்தது.

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. தரகர் பக்கத்தில் இருந்தவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார், எனக்கும் கேட்டது. பந்தயத்துக்குப் போகிற மாட்டுக்கு விடிகாலையில் மூங்கில் குழாயில் நல்லெண்ணெய் ஊற்றிவிடுவார்கள், உடம்பு இறுக்கம் விட்டு ஓடும். பாவம் இது சின்ன உயிர், வாயும் சின்னது, அதனால் குழந்தைகளுக்கு மருந்து புகட்டுகிற பாலாடையில் ஊற்றினார்களாம். மூன்று பாலாடை.

உள்ளே கிடந்த எண்ணெய் ஒவ்வொரு தடவையும் காற்று நெருக்கிய சூட்டில் பற்றிக்கொண்டது. ஐந்து ஒத்திகைக் குண்டும் ஐந்து திசைக்குப் போயின. என் வாய்தான் இதற்குக் காரணம் என்று எனக்குத் தெரியும். தினமும் இறுகிக் கிடக்கிறது என்று புலம்பியது நான்தானே. கண்ணில் நீர் முட்டியது. கடல் அப்படியே பின்வாங்கிப் போய்க்கொண்டிருந்தது.

டீச்சர் ஓடிவந்து நடுவரிடம் ஏதோ வாதாடினார். வேறு துப்பாக்கி கிடைத்தால் இரண்டு ஒத்திகைக் குண்டு கூடுதலாகத் தருவதாக நடுவர் ஒப்புக்கொண்டார். அப்போது, முன்பின் பார்த்திராத ஒரு பெண் கூட்டத்திலிருந்து வந்தாள். பாலக்காட்டு டவுன் பெண். தன் முறை முடிந்து முதலிடத்தில் இருந்தவள். "இது எடுத்தோ, பேடிக்கண்டா" என்று தன் துப்பாக்கியை நீட்டினாள். பயப்படாதே, எடுத்துக்கொள் என்கிறாள். செம்மண் நிறம். சீட்டில் எழுதியிருந்த அதே கம்பெனி. என் மனம் துள்ளியது. மயிலையைக் கீழே வைத்துவிட்டு அதை வாங்கித் தூக்கினேன். கட்டையின் இடது பக்கத்தில், கணுவைச் சுற்றி ஒரு வட்டம், நடுவில் கறுப்புக் கண்.

அதே துப்பாக்கி. நாங்கள் வேண்டாம் என்று விட்டுவந்ததை அவள் வீட்டில் வாங்கியிருக்கிறார்கள்.

சுழியாம் சுழி என்று பொள்ளாச்சிப் பஸ்ஸில் முழங்கியவள் நான். ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அந்த நிமிஷம் என் கன்னம் அந்தக் கட்டைக்குப் போக மறுத்தது. யார் பாடை என்று ஒரு கேள்வி வந்தது. அப்பா பார்த்துவிட்டால் கயிற்றைத் தாண்டி வந்து பிடுங்கிவிடுவார் என்றும் தோன்றியது. மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். அப்பா புறாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தரகரின் கைமேல் தன் துண்டைப் போட்டு, அதற்குள் தன் கையையும் வைத்திருந்தார். இந்த மைதானத்திலும் எவனோ ஒருவனுடைய மாட்டுக்கு விலை பேசுகிறார்கள்! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில் பயம் போய்விட்டது. கன்னத்தைக் கட்டையில் பதித்துச் சுட்டேன்.

செவலை நல்ல துப்பாக்கிதான். கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. யாருடைய கைக்கும் படிகிற மாதிரி செய்திருந்தார்கள். இரண்டு குண்டில் அதன் குணம் பிடிபட்டது. பத்துக் குண்டில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் நான் இரண்டாவதாக வந்தேன். முதலாவது, துப்பாக்கி கொடுத்த பெண்தான். எங்கள் இரண்டு பேரையும்தான் பிறகு திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார்கள். எண்ணெய் கக்கித் தீர்த்த மயிலையும் கூட வந்தது. அங்கே நான் எத்தனையாவதாக வந்தேன் என்று கேட்காதீர்கள். கடலைப் பார்த்தேன், உப்பையும் நக்கிப் பார்த்தேன்.

போட்டி முடிந்து அன்று பாலக்காட்டிலிருந்து திரும்பி வரும் பஸ்ஸில் தத்தமங்கலம் தாண்டியதும் தரகர் தன் வலது கையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துக்கொண்டார். விரல்கள் வீங்கியிருந்தன. என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"உங்கப்பன் நொறுக்கிப்போட்டாருங்க அம்முணி. பாடைச் சுழிக் கட்டைய நீங்க தூக்கறதப் பாத்ததும் நான் கத்தப் போனனுங்க. துண்டப் போட்டு இறுக்கிப் புடிச்சவரு, பத்துக் குண்டும் தீர்ற வரைக்கும் உடவே இல்லீங்க."

அப்பா மடியில் மயிலையைக் கிடத்தி, துண்டால் எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சும் ஏனுங்கப்பா சும்மா இருந்தீங்க?"

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"கடலப் பாக்கோணும்னு உங்கம்மாகிட்டச் சொன்னயாமா" என்றார்.

அவ்வளவுதான். நான் எண்ணெய்க் கறைச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். தரகர் நான் தூங்குகிறேன் என்று நினைத்துக் குரலைத் தணித்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் நான் காலை எடுத்து வைக்கப் போனபோது அப்பா கையை நீட்டித் தடுத்தார். அம்மாவைக் கூப்பிட்டு உப்பும் மிளகாயும் கொண்டுவரச் சொன்னார். எத்தனை நேரமாக அவர் நெஞ்சில் அந்தச் சுழிப் பயம் கிடந்ததோ, அம்மா வருவதற்குள் இரண்டு தடவை அவசரப்படுத்தினார். தலையைச் சுற்றியது போதாது என்று, கன்னத்துக்குத் தனியாக மூன்று சுற்றுச் சுற்றச் சொன்னார். எந்தக் கன்னம் என்று அம்மா கேட்டாள்.

சுழியில் நம்பிக்கை இல்லாத நான், வலது கன்னத்தைத் திருப்பிக் காட்டிக்கொண்டு நின்றேன்.